கேடயம் வாங்கிய வட்டாரமும் ஒரு தேமலும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வட்டாரம் தொழுநோயே இல்லாத வட்டாரம் என்று போன வருஷம் கேடயம் வாங்கியது. ஆகவே, தொழுநோயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சுகாதாரத் தன்னார்வலர்களான எங்களுக்கு இந்த வருஷம் பயிற்சி அளிக்க மேலிடம் திருவுளம் கொண்டது.

கோட்டையூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் கேடயத்துக்கு மாலை, பயிற்சி அதிகாரி குருநாதனுக்குப் பொன்னாடை. அவர் மெழுகுவத்தியால் குத்துவிளக்கு ஏற்றினார். போட்டோக்காரர் பாண்டிமுருகன், "அப்படியே பிடிங்க சார், இன்னொண்ணு" என்று நிறுத்திவைத்ததில், உருகிய மெழுகு அதிகாரியின் புறங்கையில் சொட்டியது. மனிதருக்குச் சிரித்த முகம் மாறவில்லை. கடமையுணர்ச்சி என்றால் இதுவல்லவா என்று மண்டபமே கைதட்டியது.

அடுத்து உறுதிமொழி. "தொட்டால் பரவாது! மருந்துண்டால் குணமாகும்!" தொண்டை வறளக் கத்தினோம்.

குருநாதன் பாடத்தைத் தொடங்கினார். "வெளிறின தேமல் இருந்தா, கண்ணை மூடச் சொல்லிட்டுப் பேனா முனையால தொடணும். தொட்டது தெரியலைன்னா சந்தேகப்படணும்."

புதுவயலிலிருந்து வந்திருந்த ரோகிணி எழுந்தாள். "அப்படி யாரையாச்சும் கண்டுபிடிச்சா எங்குட்டுக் கூட்டியாரணும் சார்?"

"கண்டுபிடிக்கவா?" அதிகாரி பதறிப்போனார். "கேடயத்தைத் திருப்பிக் கேப்பாகம்மா! இது கண்டுபிடிக்கத் தெரிஞ்சுக்கிற பயிற்சி. கண்டுபிடிக்கிறதுக்கு இல்லை."

"சரிங்க சார். செஞ்சு பழகவாச்சும் உங்க கையக் குடுங்க. கண்ண மூடிக்கங்க."

பெருந்தன்மையோடு கையை நீட்டினார். அவள் காய்ந்த மெழுகைச் சுரண்டினாள். அடியில் வெளிறிய தேமல். பேனா முனையை அதில் வைத்து எடுத்தாள்.

"எப்பம்மா தொடப்போறே?" என்றார் குருநாதன், கண்ணைத் திறக்காமலே.

"தொட்டுட்டேன் சார்."

கண்ணைத் திறந்தவர் முதலில் கேடயத்தைத்தான் பார்த்தார்.

"இருக்க முடியாதும்மா. இந்த வட்டாரத்துல இல்லைன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"இந்தக் கையாலதான போட்டீக? நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்க சார். தள்ளிப்போட்டா விரல் மடங்கிப் போகும்."

அவர் கண் கலங்கிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. "சரியாயிருமாம்மா?"

"மருந்துண்டால் குணமாகும்னு நீங்கதான சொல்ல வச்சீக?"

குருநாதன் மைக்கைப் பிடித்தார். "கேடயம் போனாப் போகுது! பயிற்சி வெற்றி. எல்லாரும் மேடைக்கு வாங்க, ஒரு குரூப் போட்டோ."

சிலருக்குச் சட்டென்று பஸ் ஞாபகம் வந்தது. சிலருக்கு வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற கவலை. மிச்சப்பேர் மேடையேறினோம். பாண்டிமுருகன் மண்டப வாசலில் நின்றுகொண்டே, "நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று கத்தினார். நெருங்கித்தான் நின்றோம், மேடையின் அந்தக் கோடியில், ஒருவரோடு ஒருவர்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. "தொட்டால் பரவாது" என்ற பேனருக்குக் கீழே அதிகாரியும் ரோகிணியும். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அளவுக்கு இடம்.

படத்துக்கு அடியில் இப்படிப் போட்டிருந்தார்கள்: "பயிற்சியை நிறைவு செய்த தன்னார்வலர்கள், அதிகாரிக்கு மரியாதை நிமித்தம் விலகி நிற்கின்றனர்."