பதினேழாம் எண் கைமணி

மட்டாஞ்சேரியில் ஒரு நீதிமன்றம். பெயர் வேண்டாம், கதை சொல்பவனுக்கும் அங்கே ஒரு வாய்தா பாக்கி இருக்கிறது. அதன் நிர்வாகத் தலைமை நீதிபதி மாற்றலாகிப் போனபோது, உள்ளபடியே கலங்கியவர் தலைமை எழுத்தர் வெங்கிட்டு ஒருவர்தான். அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. விடுவிப்பு உத்தரவில் தலைமை நீதிபதி கையெழுத்திடாமல் பென்ஷன் நகராது.

புதிய தலைமைக்கு இரண்டு நீதிபதிகள் தகுதியுள்ளவர்கள். ஒருவருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ், மற்றவருக்கு நாலு. இருவரில் மூத்தவர் யார் என்பதை மேலிடம் மூன்று வாரம் தீர ஆராய்ந்து, பத்தொன்பதே பெரிது என்று கண்டுபிடித்தது. ஸுப்ரியா மேடம் பொறுப்பேற்க வந்தார். வெங்கிட்டு பேனாவைத் திறந்து நீட்டினார். மேடமோ நீதிமன்றப் பொருள் பட்டியலைக் கேட்டார்.

"நம்பர் பதினேழு, பித்தளைக் கைமணி. எவிடே?"

அதன் நாக்கு கழன்றுவிட்டதென்று, பழுது பார்க்க ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெங்கிட்டுவே வீட்டுக்குக் கொண்டுபோன மணி அது.

"இங்கதான் இருந்தது, மேடம்."

"இருந்ததை எப்படி ஏத்துக்கறது? நானூற்றுப் பன்னிரண்டு பொருளையும் நேரில் கண்ட பிறகே பொறுப்பேற்புக் கையொப்பம்னு சர்க்குலர் இருக்கே. ஆரு எழுதினது?"

"நான்தான், மேடம்."

"நல்ல சர்க்குலர்" என்றார் அவர், மெய்யான மரியாதையோடு. பேனாவை மூடிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கமலாக்ஷி பூஜை அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்பது வருஷமா சுவாமிக்கு அடிச்ச மணியாக்கும். திடீர்னு எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"மாற்றல்னு சொல்லு."

மறுநாள் காலை மணியைச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் காவலர் சுஜித் பையைத் திறந்தார். உள்ளே வரும் பையை எல்லாம் சோதிக்க வேண்டும் என்பதும் வெங்கிட்டுவின் சர்க்குலர்தான்.

"இது ஆருடைய மணி, சாரே?"

வெங்கிட்டு முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக யோசிக்காமல் பதில் சொன்னார். "கோர்ட்டோடது."

"கோர்ட்டு மணி வெளியேருந்து வருதா? அப்போ தொண்டிப் பொருள், திருட்டுச் சொத்து." சுஜித் அங்கேயே அரக்கு வைத்துவிட்டார்.

"ஐயோ, அதைத் திருப்பி வாங்க என்ன செய்யணும்?"

"தலைமை நீதிபதி உத்தரவு வேணும்."

"இந்த மணி இல்லாம தலைமை நீதிபதியே இல்லியேப்பா!"

"அது என் டிபார்ட்மென்ட் அல்ல, சாரே."

மாதக் கடைசி வந்தது, போயிற்று. வயது தாண்டியதால் வெங்கிட்டு வேலையில் இருக்க முடியாது. விடுவிக்கப்படாததால் ஓய்வு பெறவும் முடியாது. மணியை விடுவிக்கக் கோரி ஒரு மனு எழுதினார். அதில் பிழையே இல்லை. அதை வாங்கத்தான் ஆளில்லை. மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு வருஷமாகத் தாம் உட்காராத வராந்தா பெஞ்சுக்கு வந்தார். அவமானமாக இருந்தது.

பெஞ்சில் மாயம்மாள் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் வழக்குக்காகப் பதினோரு வருஷமாக வருகிறவள். 'அடுத்த வாய்தாவுக்கு வாங்க' என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன சாரே, இந்தப் பக்கம்?"

"தலைமை நீதிபதி இல்லாம என் காரியம் நின்னு போச்சு. ரெண்டு மாசமாச்சு."

"ரெண்டு மாசமா அவர் இல்லியா?" மாயம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "எங்க கேஸ் எல்லாம் வழக்கம்போலத்தானே தள்ளிப் போயிட்டிருக்கு!"

பிறகு சற்று நகர்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.