மூன்றாவது பூனை

“எனக்கு அப்பாயின்மென்ட் ஆர்டர் வேணுங்க. எழுத்துல.”

அன்புக்கரசி சொல்லி முடித்ததும் தேங்காய் மண்டி ஆபீசின் மூலையில் கூட்டிக்கொண்டிருந்த மயிலாத்தாள் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

இதைக் கேட்கவே கூடாது என்று அன்புக்கரசிக்குச் சொல்லாதவர் இல்லை. தேங்காய் உரிக்கப் போகும் அம்மா சொல்லியிருந்தாள்: “ஆபீஸ்ல ஒக்கார வெச்சதே பெருசு கண்ணு. எழுத்துல எதையும் கேட்டுப்போடாத.” அப்பாவும் சொல்லியிருந்தார். இருபது வருஷமாக அந்த மண்டியைக் கூட்டிப் பெருக்கும் மயிலாத்தாள், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காதோடு காதாகச் சொல்லியிருந்தாள்.

ஆனால் அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் அன்புக்கரசி. பதினாலு மாதமாக, பொள்ளாச்சியிலிருந்து துபாய்க்குக் கப்பலேறும் தேங்காய்க்கெல்லாம் காகிதம் தயார் செய்கிறவள். ஒவ்வொரு லோடுக்கும் ஆறு சான்றிதழ். எங்கே விளைந்தது, என்ன ரகம், புழு இல்லை, பூச்சி இல்லை என்று. அத்தனையும் அடித்துக் கொடுத்தவளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கோயமுத்தூரில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. இதுவரை வேலை பார்த்ததற்கு ஒரு காகிதம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தது. இன்று திங்கள்.

முதலாளி சென்னிமலை கோபப்படவில்லை. அவர் ஆயுளில் யாரிடமும் ‘இல்லை’ என்று சொன்னவரில்லை. அதனாலேயே அவரிடம் எதையும் வாங்க முடிந்ததில்லை.

“அதுக்கென்ன கண்ணு. தாராளமா அடிச்சுட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

பத்து நிமிஷத்தில் அடித்துக் கொண்டுபோய் வைத்தாள். அவர் நிதானமாகப் படித்தார். தலையாட்டினார். பேனாவைத் திறந்தார். யோசிப்பவர் போலத் தகர மூக்குக்கண்ணாடி டப்பாவை மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தச் சமயம் பார்த்து, உள் கிடங்கிலிருந்து சாம்பல் வரி போட்ட ஒரு பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கும் மேசைக்கும் நடுவே சாவகாசமாகக் கடந்து, அவர் காலடியில் மறைந்தது.

பேனா மூடிக்கொண்டது.

“பாத்தியா? பூனை குறுக்க வந்துருச்சு. இந்நேரத்துல போட்டா வெளங்காது. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குப் பாக்கலாம்.”

செவ்வாய்க்கிழமை அவள் கிடங்குக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் காகிதத்தை நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்தார். டப்பாவைத் தட்டினார். கதவுக்குப் பின்னால் கொஞ்சநேரம் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் வழியாக ஃபைல் அலமாரிமேல் குதித்தது பூனை. இறங்க வழி தெரியாமல் வலமிருந்து இடமாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை நடந்தது.

“ரெண்டு தடவை,” என்றார் சென்னிமலை.

“திரும்பிப் போனது முன்னாடி வந்ததை அழிச்சுராதுங்களா?”

“சகுனத்துல கழிக்கற பழக்கமில்ல கண்ணு. கூட்டறதுதான். போய்ப் புள்ளாருக்கு ஒரு காய் ஒடைச்சுட்டு வந்துரு.”

கூரை முட்டக் குவித்திருந்த தேங்காயில் ஒன்றை எடுக்கப் போனாள்.

“அது எக்ஸ்போர்ட் காய் அம்மணி.”

தேங்காய் மண்டியில் வேலை பார்க்கிறவள் எதிர்ப் பெட்டிக்கடையில் தேங்காய் வாங்குவதை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது.

புதன்கிழமை அவள் படித்த படிப்பை எடுத்தாள். அன்று பாலக்காட்டு வியாபாரி ரைஹான் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆள் இருந்தால் முதலாளி கொஞ்சம் இறங்கி வருவார் என்று நினைத்தாள்.

“ஏனுங்கய்யா, அந்தக் காலத்துல எகிப்துல பூனையச் சாமின்னு கும்புட்டாங்க. ஊட்டுப் பூனை செத்துப்போனா புருவத்தை மழிச்சுட்டுத் துக்கம் காப்பாங்களாமா. அதைப் போய்ச் சகுனத்தடைன்னா எப்புடிங்க?”

சென்னிமலை யோசித்தார்.

“அப்பொ நேத்துக் குறுக்க வந்தது சாமின்னு சொல்ற.”

“அப்புடி இல்லீங்க...”

“பூனைன்னாலும் ஒரு காய் ஒடைச்சு வெரட்டியுடலாம். சாமியே குறுக்க வந்தா நான் எப்புடிக் கண்ணு மீறறது?”

அவள் விடவில்லை. “கப்பல்ல பூனை இல்லாம சரக்கே ஏத்த மாட்டாங்களாமுங்க. எலி தின்னுருமுன்னு.”

“அது நெசந்தான்,” என்றார் ரைஹான்.

“இருக்கட்டும் பாய். கடல்ல குறுக்க போறதுக்கு ரோடு எங்க இருக்குது?”

அன்புக்கரசி மேசையைப் பார்த்தாள். முன்பு ரைஹான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த தங்க நிறப் பூனை பொம்மை ஒன்று, வருகிறவர்களையெல்லாம் கையாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வியாபாரம் பெருகுமாம்.

“இதுவும் பூனைதானுங்களே?”

“இது ஒக்காந்த எடத்துல இருக்குது. குறுக்க போகலீல்ல.”

ரைஹானுக்கு டீ புரையேறியது. அன்புக்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

“நேராவே கேக்கறேனுங்க. பூனை வரலீன்னா போட்டுருவீங்களா?”

“பாய் முன்னால சொல்றேன். கொடுமுடி சாமி சத்தியமா, பூனை வரலீன்னா அந்த நிமிசமே போட்டுருவேன்.”

“வெள்ளிக்கிழமை லோடு எடுக்க வருவேன். நானும் பாக்கறேன்,” என்றார் ரைஹான்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். கிடங்குப் பக்கமாக வந்து, மூட்டைமேல் தூங்கிய பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். பக்கத்தில் ஓர் எலி பயமில்லாமல் நடந்து போனது. எலி பிடிக்காமலே நன்றாகக் கொழுத்திருந்தது பூனை. வாயில் கருவாட்டு நாற்றம். பிள்ளையார் படம் இருக்கிறதென்று ஆபீசுக்குள் முட்டைகூடக் கொண்டுவரவிடாமல், விடிந்ததிலிருந்து ஊதுபத்தி கொளுத்துகிறவர் முதலாளி. இது எந்த வீட்டில் தின்றுவிட்டு வருகிறதோ.

கோயமுத்தூர் உக்கடம் போகும் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் சாக்கைப் பார்த்தார்.

“உள்ள என்னங்க?”

“பூனைங்க.”

முன்சீட்டில் பூவும் பழத்தட்டுமாக இருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். சாக்கு ஒருமுறை கத்தியது. ஏழு பேரும் கிணத்துக்கடவில் இறங்கிக்கொண்டார்கள். இறங்கும்போது மாப்பிள்ளைப் பையன் மட்டும் நிம்மதியாகச் சிரித்தது போலிருந்தது.

“நீங்க கடைசி சீட்டுக்குப் போயிருங்க,” என்றார் கண்டக்டர். “பூனை பஸ்ஸுக்குப் பின்னாடியே வந்தா சகுனத்துல சேராது.”

உக்கடம் மீன் மார்க்கெட்டில் சாக்கை அவிழ்த்தாள். பூனை ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனது. அதனிடம் யாரும் முன் அனுபவச் சான்றிதழ் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாக் கதவையும் ஜன்னலையும் அவளே அகலத் திறந்து வைத்தாள். ரைஹான் டீயோடு உட்கார்ந்திருந்தார். காகிதம் மேசைக்கு வந்தது.

சென்னிமலை பேனாவைத் திறந்தார். டப்பாவை இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒன்றும் வரவில்லை.

கிடங்குப் பக்கம் பார்த்தார். மறுபடி தட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மேசை டிராயரை இழுத்தார், மூடினார். பிறகு தட்டிய தட்டில் டப்பா மூடி கழன்று விழுந்தது. தங்கப் பூனை கையாட்டுவதை நிறுத்திக்கொண்டது.

“என்னங்கய்யா தேடறீங்க?” என்றாள் அன்புக்கரசி.

“ஒண்ணுமில்ல கண்ணு. காத்தே காணோம்.”

“பூனையும் காணோம்,” என்றார் ரைஹான். “கொடுமுடி சாமி பாத்துட்டிருக்கும். போடுங்க.”

பூர்வீகத் தோப்பை எழுதிக் கொடுப்பவர் போல சென்னிமலை கையெழுத்துப் போட்டார். அன்புக்கரசி முத்திரையையும் தானே எடுத்துக் குத்தினாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அதே பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து, அவர் முன்னால் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்தது.

“இது என்ன கண்ணு?”

“ராஜினாமாங்க. இதுக்கு உங்க கையெழுத்து வேண்டாமுங்க. என்ற கையெழுத்தே போதும்.”

“சித்தெ இரு அம்மணி. ஒக்காந்து பேசலாம்.”

“பதினாலு மாசம் ஒக்காந்துட்டேனுங்க. திங்கக்கிழமை கோயமுத்தூர்ல சேரோணும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மயிலாத்தாள் துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

“அந்தப் பூனையை எங்க கண்ணு வுட்ட?”

“உக்கடத்துல, மீன் மார்க்கெட்லங்கக்கா. அதுமேல எனக்குக் கோவமில்ல. வாயில்லாச் சீவன். அது பாட்டுக்குக் குறுக்க போச்சு,” என்று சொல்லிக்கொண்டே அவள் நிற்காமல் நடந்தாள்.

மயிலாத்தாள் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

“அது எங்க கண்ணு தானாப் போச்சு? அந்த டிராயரைத் தொடைக்கறவ நானு, எனக்குத் தெரியாதா? டப்பாவை ரெண்டு தட்டுத் தட்டுனா கருவாடு கெடைக்கும்னு அய்யா பழக்கி வெச்சதுதான். நான் ஆர்டர் கேட்ட வருசம் மொதப் பூனை, இது மூணாவது.”