ஜெனீவாவுக்கு ஒரு நன்றியுரை

அடையாள அட்டை இல்லாத யாரையும் ஹாலுக்குள் விட முடியாது என்று விஷ்ணுப்ரியா மறுபடியும் சொன்னபோது தாணுமாலையனுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது.

"கார்டைப் பிடுங்கி வச்சிருக்கான்னு சொல்லத்தான் மோளே இவங்க வந்திருக்காங்க. கார்டு கையில இருந்தா இங்க எதுக்கு வரணும்?"

"மனசிலாயி சார். அதைக் கம்ப்ளெயின்ட்டா எழுதிக் குடுத்துடுங்கோ," என்றாள் அவள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூடவே ஐடி ப்ரூஃப் ஒரு காப்பி வச்சுடுங்கோ."

கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டலின் மாடி அது. உள்ளே ஏசி, வெளியே, ஹால் வாசலில், தாணுமாலையனும் அவர் கூட்டி வந்த எட்டுப் பேரும்.

விஷயம் இதுதான். ஜெனீவாவில் ஒவ்வொரு நாட்டையும் உட்கார வைத்து, உன் ஊரில் மனிதர்களை எப்படி நடத்துகிறாய் என்று மற்ற நாடுகள் கேள்வி கேட்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு அறிக்கை எழுதும் முன் அரசாங்கம் மக்கள் அமைப்புகளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசினோம் என்று அறிக்கையில் ஒரு வரி வர வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் டெல்லியிலிருந்து அதிகாரி, ஓட்டல் ஹால், முந்திரி பிஸ்கட் எல்லாம். ஏற்பாட்டைக் கழக்கூட்டத்தில் இருக்கும், நிகழ்ச்சிகள் நடத்தித் தரும் ஒரு கம்பெனியிடம் விட்டிருந்தார்கள். கல்யாண வரவேற்பும் மனித உரிமையும் அந்தக் கம்பெனிக்கு ஒரே ரேட். விஷ்ணுப்ரியா அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

தாணுமாலையன் ஆரியசாலையில் வெல்ல மண்டி ஒன்றின் மாடியில், மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்குச் சங்கம் நடத்துபவர். போன தடவையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். போனார், தொண்டை வறளப் பேசினார். அறிக்கையில் 'அனைத்துத் தரப்பினரும் உற்சாகமாகக் கலந்துகொண்டனர்' என்று வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து உற்சாகம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தடவை அவர் வந்தது மாடம்மாளுக்காக. கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள் வேலை அவளுக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்றே காண்டிராக்டர் விஜய்குமார் எல்லோருடைய ஆதார் அட்டையையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டான். இப்போது ஊரில் அவள் புருஷனுக்கு வயிற்றில் ஆபரேஷன். நாளைக் காலைக்குள் அவளுடைய அசல் அட்டையைக் கொண்டுவந்தால்தான் காப்பீட்டில் சேர்ப்போம், இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்கிறது ஆஸ்பத்திரி. தள்ளிப்போட்டால் ஆள் தாங்க மாட்டார் என்கிறார் டாக்டர். கட்டடம் முடியட்டும், அட்டையை வாங்கிக்கோ என்கிறான் விஜய்குமார். போலீஸில் போய்ச் சொன்னதற்கு, நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாடம்மாள் சுவரோரம் நின்றபடி ஹால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஏழு பேருக்கும் ஒருநாள் கூலி போனது போனதுதான். இவர்களை இப்படியே திருப்பிக் கூட்டிப் போவதா? தாணுமாலையன் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் விஜய்குமாருக்கே போன் போட்டார்.

தொழிலாளிகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் காண்டிராக்டர்களை டெல்லி அதிகாரி நேரில் பார்க்க விரும்புகிறார், இங்கே வந்திருக்கும் எட்டுப் பேரின் கார்டுகளைக் கையோடு கொண்டுவந்தால் மரியாதையாக இருக்கும் என்று பொய் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனைத் தம்பி என்று கூப்பிட்டார். நாக்கெல்லாம் கசந்தது.

விஜய்குமார் பறந்து வந்தான். கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. பையைத் திறந்து கார்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் காட்டினான். விஷ்ணுப்ரியா படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து ஆளுக்கோர் அனுமதிப் பட்டியைக் கழுத்தில் மாட்டினாள். தன் கார்டைக் கண்டதும் மாடம்மாள் கையை நீட்டினாள். அதற்குள் கார்டு பைக்குள் போய் ஜிப்பும் மூடிவிட்டது.

சரி, உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தாணுமாலையன் பொறுத்துக்கொண்டார். அங்கேதான் தப்பு செய்தார். எந்த அமைப்பின் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று விஷ்ணுப்ரியா கேட்க, விஜய்குமார் கொஞ்சமும் தயங்காமல் தன் அம்மா பேரில் இருக்கும் அறக்கட்டளையைச் சொன்னான். வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அறக்கட்டளை. பாதிக்கப்பட்டவர்கள் எட்டுப் பேரை அழைத்து வந்த அமைப்பு என்று அது கணினியில் ஏறியது. புலம்பெயர் தொழிலாளர் சார்பில் பேசும் வாய்ப்பும் அதற்கே போனது.

"அது எனக்க நேரமாக்கும்," என்றார் தாணுமாலையன்.

"சார், நீங்கோ எத்தனை பேரோட வந்திருக்கேள்?"

"இந்த எட்டுப் பேரும் எனக்க கூட வந்தவங்க."

"அவா கார்டெல்லாம் அந்த சார்தானே கொண்டுவந்தார்."

தாணுமாலையன் கத்தினார். தமிழிலும் மலையாளத்திலும் கத்தினார். அதன் பலனாகப் பேச்சாளர் பட்டியலிலிருந்தே அவர் பெயர் போய்விட்டது. மேற்கொண்டு கத்தியதில் விஷ்ணுப்ரியா பயந்துபோய், ஒன்றே ஒன்று மட்டும் காலியாக இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். நன்றியுரை.

உள்ளே மேடையில், 'புது டெல்லி' என்று எழுதிய பலகைக்குப் பின்னால், கறுப்புக் கோட்டுடன் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல களையான மனிதர். உள்ளே வந்த ஒவ்வொருவரையும், அவருக்காகவே காத்திருந்ததுபோல லேசாகத் தலை தாழ்த்திச் சிரித்து வரவேற்றார். சாய்ந்திருந்த பூச்சாடியைத் தானே நேராக்கி வைத்தார். கேமராக்காரர் அவரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பணிவான அதிகாரியைத் தாணுமாலையன் பார்த்ததில்லை. பணிவு யாருக்கு வேண்டும், காது இருக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார்.

விஜய்குமார் பேசினான். தொழிலாளிகள் தனக்குப் பிள்ளைகள் மாதிரி என்றான். அவர்களுடைய கார்டைக்கூடத் தன் சொந்தப் பீரோவில் வைத்துப் பாதுகாப்பதாகச் சொன்னபோது ஹாலில் கை தட்டினார்கள். உரிமை, கண்ணியம் என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் தட்டினார்கள். தாணுமாலையனுக்கு ரத்தம் கொதித்தது. அதிகாரி மட்டும் கை தட்டவில்லை. புருவத்தைச் சுருக்கினார்.

கடைசியில் நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். தாணுமாலையன் மைக்கைப் பிடித்தார்.

"நன்றியுரைன்னா நன்றி சொல்லணும். சொல்லுதேன். மொதல்ல விஜய்குமாருக்கு நன்றி. நம்ம ஊர்க்காரனாக்கும். ஆளு ஓடிப்போயிரப்பிடாதுன்னு அவங்க கார்டப் பூட்டி வச்சுக் காவல் காக்கான். அதுக்குக் கை தட்டின உங்களுக்கும் நன்றி. பொறவு வாசல்ல இருக்கப்பட்ட மோளுக்கு நன்றி. கார்டு இல்லேன்னு சொல்ல வந்தவங்ககிட்டயே கார்டு கேட்டா."

எழுந்தவர்கள் நின்றார்கள்.

"பொறவு டெல்லிக்கு நன்றி. போன தடவையும் பிஸ்கட் தந்தீங்க, ஜெனீவால போயி இங்க எல்லாரும் உற்சாகமா இருக்கோம்னு எழுதினீங்க. இந்தத் தடவ எழுத வேண்டாம். செய்ங்க. இன்னா இருக்கா பாருங்க மாடம்மாள். இவ மாப்பிளைக்கு ஆபரேசன் நடக்கதுக்கு வேண்டிய கார்டு இன்னா அந்தப் பைக்குள்ள கெடக்கு. ஜெனீவாலயும் இல்ல, டெல்லிலயும் இல்ல. இந்த ஹாலுக்குள்ள, அவனுக்க மடியில கெடக்கு."

மாடம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி எழுந்தார். விஷ்ணுப்ரியா ஓடிவந்து, உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையால் சைகை காட்டினாள். அமுக்கப் பார்க்கிறார்கள் என்று தாணுமாலையனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மனிதர் அவளைப் பார்க்கவே இல்லை. மேடையை விட்டு இறங்கி நேரே விஜய்குமாரிடம் போனார். பேசியது நல்ல தமிழ்.

"ஐடி வாங்கிப் பார்க்கலாம் சார். காப்பி எடுத்துக்கலாம். உடனே அவங்க கையில திருப்பிக் குடுத்துடணும். நம்ம வச்சுக்கக் கூடாது."

"இல்ல சார், ஒரு பாதுகாப்புக்கு..."

"ஒரு நிமிஷம்கூட வச்சுக்கக் கூடாது. அது ரூல்."

"எந்த ரூல் சார்?" என்று விஜய்குமார் குரல் இறங்கிக் கேட்டான்.

"எந்த ஊருக்குப் போனாலும் அதுதான் ரூல். பையைத் திறங்க."

அதுவரை யாருக்கும் மசியாத விஜய்குமார், டெல்லி கண்ணெதிரே கை நீட்டி நிற்கவும் ஆடிப்போய்விட்டான். ஜிப் திறந்தது. அதிகாரி ஒவ்வொரு கார்டிலும் பெயரைப் படித்து, அம்மா, ஐயா என்று சேர்த்துக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். சிரமத்துக்கு மன்னிக்கணும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கார்டு கைக்கு வந்ததும் மாடம்மாள் அவரைக் கும்பிட்டாள். தாணுமாலையனிடம், "வாரேன் அண்ணாச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடக்கூட நிற்காமல் நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஓடினாள்.

தாணுமாலையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் அரசாங்கத்தைத் திட்டியே வயிறு புண்ணாகிப்போன மனிதர். அந்தக் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியாமல் தடுமாறினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

மேடை காலியாக இருந்தது. மூலையில் விஷ்ணுப்ரியா போனில் யாரிடமோ, படம் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது, நடுவில்தான் கொஞ்சம் கைமீறிப் போய்விட்டது என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீ கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஓட்டல் சப்ளையர், மார்த்தாண்டத்துக்காரர் ராஜமணியிடம் தாணுமாலையன் கேட்டார், டெல்லி ஐயா எந்தப் பக்கம் போனார் என்று.

"டெல்லிக்காரங்க வரல்ல அண்ணாச்சி, படத்துக்கு ஆள் வேணும்னு நம்ம ஓட்டல் ரிசப்ஷன் ஸ்ரீநிவாஸ் சாருக்குக் கோட்டு மாட்டி உக்கார வச்சிருந்தாங்க," என்றார் ராஜமணி. "கீழ கவுண்டர்ல ரூம் எடுக்க வந்தவங்களுக்க கார்டப் பாத்துத் திருப்பிக் குடுத்துட்டு நிக்காரு, போயிப் பாருங்க."