மோட்டார் சைக்கிளைத் தவிர அனைவரும் நலம்

கும்மிடிப்பூண்டி,
2-12-1957

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை அருளப்பன் அவர்களுக்கு மாமனார் ஆசீர்வாதம் அநேக ஸ்தோத்திரங்களுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான், உங்கள் மாமியார், ஏழாம் மாதத்தில் இருக்கும் என் மகள் விக்டோரியா, கோழிகள் ஐந்து, எல்லோரும் சுகம். வீடும் முன்போல் இல்லை, அவ்வளவு அமைதி. தெருவையே எழுப்பிவிடும் கிணற்று ராட்டினம்கூட ஒரு மாதமாக வாய் திறக்கவில்லை. வாசல் கதவும் அப்படியே. உங்கள் மோட்டார் சைக்கிளைத் தவிர அனைவரும் நலம். கோலாரில் தாங்களும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறோம்.

மேற்படி மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தையைக் கண்டு பதற வேண்டாம். முதலில் உட்காருங்கள், பிறகு படியுங்கள்.

தாங்கள் சுரங்க வேலைக்குத் திரும்பும்போது என்ன சொன்னீர்கள்? ஜனவரியில் சோழவரம் பந்தயத்தில் இதை ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை ஸ்டாண்டில் நிறுத்தி ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள், ஏறி ஓட்ட வேண்டாம், எந்த மூடியையும் திறக்க வேண்டாம் என்றீர்கள். நான் ஒரு மூடியையும் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் கோவிலிலிருந்து வந்ததும் உதைத்தேன், ஐந்து நிமிஷம் ஓடியது, நிறுத்தினேன். நாலாவது ஞாயிறு அது நடுங்க ஆரம்பித்தது. சாதாரண நடுக்கம் இல்லை, மலைச் சுரம் கண்டவன் நடுங்குவானே அப்படி. மதில்மேல் வைத்த காப்பி டம்ளர் தானாக நகர்ந்துபோய் விழுந்தது. வண்டியோ ஸ்டாண்டோடு சேர்ந்து பொடிநடையாக முற்றத்தைக் கடந்து, உங்கள் மாமியார் காயவைத்த உளுந்துக்குள் இறங்கி நின்றது.

இருபத்தெட்டு வருஷம் ரயில் சக்கரங்களைச் சுத்தியால் தட்டிப் பார்த்தவன் நான். சத்தம் கணீரென்று வந்தால் நல்ல சக்கரம், சொத்தென்று வந்தால் விரிசல். என் காது ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆகவே பெட்டியிலிருந்து அந்தச் சுத்தியை எடுத்து உங்கள் வண்டியை முன்சக்கரம் முதல் பின்விளக்கு வரை தட்டினேன். பின்விளக்கைத் தவிர எல்லாம் கணீரென்றது. பின்விளக்கு உடைந்துவிட்டது. இஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள்தான் தளர்ந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, கொல்லன் பச்சையப்பனைக் கூப்பிட்டு முறுக்கினோம். நடுக்கம் அதிகமாயிற்று. "ஆளு ஏறிக் குந்துனா ஆட்டம் அடங்கிடும்" என்று அவன்தான் சொன்னான். ஏறினது நான்தான், மறுக்கவில்லை.

கவரைப்பேட்டை வரைக்கும் போனேன் மாப்பிள்ளை. பல்லோடு பல் அடித்துக்கொண்டதில் வழியெல்லாம் ஜெபம்கூடச் சொல்ல முடியவில்லை. மூக்குக்கண்ணாடி இறங்கி வாய்க்கு வந்துவிட்டது. ரயில்வே கேட்டில் பழைய சிநேகிதன் வரதன், நான் அவனுக்கு சலாம் வைக்கிறேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப சலாம் வைத்தான். உண்மையில் என் கை நின்றால்தானே! அப்புறம் அடியில் டக டக என்று ஒரு சத்தம், ஒரு பெரிய மடார், வண்டி அங்கேயே மரமாக நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று பஜாரில் இரண்டு கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

பழவேற்காட்டு மெக்கானிக் அமானுல்லா வந்து இஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுற்றலாக மாற்றித் தருகிற இரும்பு ஒன்று உள்ளே இருக்கிறது, கிராங்க் என்கிறார். அதில் மாட்டியிருந்த ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் தூக்கிக் காட்டினார். "நூல் அளவு ஆடினாலே ஆபத்து பெரியவரே. இத்தப் பாருங்க, தொட்டில் கணக்கா ஆடுது. இன்னா, ஆயிலே இல்லாம ஓட்டிக்கினு இருந்தீங்களா?" என்றார். எண்ணெய்த் தொட்டியைத் திறந்தால் வறண்ட ஏரி. தாங்கள் கண்ணெதிரே நிரப்பிவிட்டுப் போனீர்களே! நான் சுத்தியால் தட்டியதில்தான் குழாய் எங்கோ விட்டு ஒழுகியிருக்க வேண்டும். குற்றம் முழுக்க என்னுடையது. மன்னியுங்கள்.

ஆனாலும் பயப்படாதீர்கள். அமானுல்லா பட்டணத்திலிருந்து வேறு கிராங்க் கொண்டுவந்து பொங்கலுக்குள் பூட்டித் தருகிறார். தாங்கள் பந்தயத்தில் ஓடியே தீருவீர்கள். "ஜனவரிக்குள்ள ரெடி ஆயிடுமா நைனா?" என்று விக்டோரியா மூன்று தடவை கேட்டுவிட்டாள். ஆகும் என்றேன். கண் கலங்கினாள். உங்கள் பந்தயத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

தங்கள் தாயாருக்கு எங்கள் தோத்திரம். ஆண்டவர் தங்களை மேலும் மேலும் உயர்த்துவாராக, சுரங்கத்துக்குள் இறங்கும் நேரம் தவிர.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்,
சி. ஆசீர்வாதம்

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சொல்லி விக்டோரியாவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு அழுதாள். "குழாய் ஒண்ணும் ஒழுகல நைனா. அவரு ரயில் ஏறின மறுநாளே நான்தான் ஆயிலை எறக்கினேன்" என்றாள். ஆயில் இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது என்று நினைத்தாளாம். இறக்கியதை வீணாக்காமல் ராட்டினத்துக்கும் கதவுக்கும் போட்டிருக்கிறாள். ராட்டினம் வாயடைத்த காரணம் இதுதான். இரும்பில் மயிரிழை விரிசலைக் கேட்கிற என் காதுக்கு, வீட்டில் ஒரு மாதமாகச் சத்தம் நின்றுபோனதன் காரணம் கேட்கவில்லை, பெண் அழுததும் கேட்கவில்லை. போன பந்தயத்தில் வளைவில் விழுந்தவனைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாளாம். "அவருகிட்ட சொன்னா சிரிப்பாரு. எம் புள்ள பொறக்கும்போது அப்பன் முழுசா நிக்கணும். நீ ஏறி ஓட்டுவேன்னு நான் கண்டேனா? உனுக்கு ஒண்ணு ஆயிருந்தா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கிராங்க் வேண்டாம் என்று அமானுல்லாவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. பழைய கிராங்க் கோழிக்கூண்டுக் கதவுக்குப் பாரமாகத் தொங்குகிறது, ஆட்டமில்லாமல் நன்றாகவே வேலை செய்கிறது. கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், அவள்மேல் வேண்டாம். ஜனவரியில் அவசியம் வாருங்கள், ரயிலில். எந்த வண்டி என்று மட்டும் எழுதுங்கள். பேசின் பிரிட்ஜில் சக்கரம் தட்டுகிறவன் நான் பழக்கிய ஆள். இரண்டு தட்டு கூடவே தட்டச் சொல்கிறேன்.