மோடத்துக்கு வைத்த பொட்டு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். என் சம்சாரம் கமலா. மகள் சரண்யா. மாலை போட்ட மோட்டார் சைக்கிள். புல்வெட்டி மெஷின். செம்பனைக் குலை வெட்டும் அருவா. சுவரில், போன மாசம் பைபர் இன்டர்நெட் லைனோடு வந்த மோடம்.

ஆயுத பூசை. பதினொரு மணிக்கு சரண்யாவுக்கு லேப்டாப்பிலேயே இன்டர்வியூ. கோலாலம்பூரில் ஒரு கம்பெனி. லைன் கெட்டுப்போனால் சனங்க போன் அடிப்பாங்களே, அவங்களுக்குப் பதில் சொல்லும் வேலை. ஒரு வருஷமாக வேலை தேடுது பிள்ளை. வீடு முழுக்க ‘எல்.ஓ.எஸ்., பி.ஓ.என்.’ என்று மோடத்து விளக்குகளின் பேர்தான் ஒரே பாடம். (கமலாவுக்கே மனப்பாடம். எனக்குத்தான் ஏறலை.)

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மோடத்துக்கும் வைக்கணும், இன்றைக்கு வேலை செய்யப்போவது அதுதானே. எங்கே வைப்பது? அருவாளுக்கு வாயில் வைப்போம். மோட்டாருக்கு இன்ஜினில். இதுக்கு வாய் எது என்று தேடினேன். பின்னால் மெல்லிசாக ஒரு கேபிள். உருவினேன். முனையில் வெள்ளையாக ஒரு பொடி மூக்கு. சந்தனம் வைத்தேன், மேலே குங்குமம். திருப்பிச் சொருகிவிட்டேன்.

மோடத்தில் ஒரு விளக்கு சிவப்பாக மின்னியது. சாமி ஏத்துக்கிட்டார் என்று நினைத்தேன்.

“அப்பா, எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது.”

“நல்லதுதானே.”

“சிக்னலே வரலைன்னு அர்த்தம்ப்பா. கேபிளைத் தொட்டீங்களா?”

“தொடலையே.”

கமலா என் விரலைப் பார்த்தாள். “சந்தனம் இன்னும் காயலைங்க.”

சரண்யா கேபிளை உருவிப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “உள்ள கண்ணாடி இழைப்பா. தூசி பட்டாலே வெளிச்சம் போகாது. நீங்க அபிஷேகமே பண்ணியிருக்கீங்க.”

எங்கள் தோட்டத்து லயத்தில் கைப்போனுக்கு லைன் கிடையாது. செம்பனை மேட்டுக்குப் போனால் வரும். மாலை போட்ட மோட்டாரிலேயே பிள்ளையை ஏற்றிக்கொண்டு பறந்தேன். மோட்டார் சீட்டில் உட்கார்ந்து, கைப்போனில் இன்டர்வியூ. நான் பின்னால் குனிந்து நின்று கொசு விரட்டினேன். (கேமராவில் தெரியாது என்று நினைத்தேன். தெரிஞ்சதாம்.)

இங்கிலீஷ் எனக்கு வராது. ‘எல்.ஓ.எஸ்.’ காதில் விழுந்தது. அப்புறம் ‘மை ஃபாதர்’. போனில் சிரித்தார்கள். என்னாலே போச்சு என்று மோட்டார் டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை கிடைத்தது.

“என்னதான் கேட்டாங்க?” என்றேன்.

“எல்.ஓ.எஸ். எரிஞ்சா என்ன செய்வேன்னு கேட்டாங்கப்பா. கேபிளைத் தொட்டீங்களான்னு கேப்பேன், தொடலைம்பாங்க, நம்ப மாட்டேன்னு சொன்னேன். ஏன்னாங்க. சொல்லிட்டேன்.”

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் பாடம் நடத்துகிறாள். முதல் பாடம் நான். போன தீபாவளிக்குத் தன் ஆளுங்களை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம்ம பிள்ளைகள். முறுக்கைக்கூடத் தொடவில்லை. “அங்கிள், இங்க நில்லுங்க லா” என்று மோடத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, ஒவ்வொருத்தராக வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

பதினொரு பேர்.