சல்லடையும் சிவப்பு வரியும்

எது சரி என்று தெரியாமலே எது தப்பு என்று கண்டுபிடிக்கிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் சல்லடை. இல்லை என்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, திண்டுக்கல்லில் ஒரு டேட்டா என்ட்ரி சென்டரில் ஒன்றாக வேலை பார்த்தோம். நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்கிற ஆள் இல்லை.

ஒரு ஆட்டுச் சந்தை நாளில் அய்யலூர் போக அவரோடு பஸ் ஏறினேன். உட்கார்ந்ததும் எழுந்துவிட்டார்.

"இறங்கு அப்பு. இது அய்யலூர் பஸ் இல்ல."

"போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்குல்ல?"

"உள்ள ஒரு ஆடாச்சும் இருக்கா பாரு."

கண்டக்டரைக் கேட்டேன். தாடிக்கொம்பு பஸ்ஸாம். போர்டை மாற்ற மறந்துவிட்டார்களாம்.

இந்தப் புத்தியைத்தான் அவர் கம்ப்யூட்டருக்குள் இறக்கினார். அவருடைய புரோகிராமுக்கு ஒரு விதியும் சொல்லித்தர வேண்டாம். பட்டியலைக் கொடுத்தால் போதும். எல்லா வரிகளையும் ஒப்பிட்டு, பெரும்பாலும் எது பொருந்துகிறதோ அதுவே விதி என்று முடிவு கட்டும். மீறுகிற வரி சிவப்பாகும்.

முதலில் ஆபீஸ் ஆட்களின் பட்டியலைக் கொடுத்தார். எல்லோரும் ஜூன் மாதம்தான் பிறக்கிறார்கள் என்று அது கண்டுபிடித்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார்கள் போட்ட தேதி! நிஜமாகவே நவம்பரில் பிறந்த நான் சிவப்பு.

"நீங்க பொறந்ததே தப்பாம்ணே!" பக்கத்தில் டைப் அடித்த ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் மானிட்டரை உடைத்திருப்பேன்.

அவள் சிரிப்பும் சீக்கிரம் போனது. ஒரு அறக்கட்டளை வீடு வீடாக எடுத்த குடும்பக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தோம். அவள் ஏற்றிய ஊரில் நாற்பது வயது மகனுக்கு எட்டு வயதில் அம்மா. முதலாளி குதித்தார்.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு அடிச்ச? நாளைக்கு வேலைக்கு வராத."

"பேப்பர்ல இருந்ததத்தான் சார் அடிச்சேன்."

பேப்பர்கள் அறக்கட்டளைக்குத் திரும்பிப் போயிருந்தன. அவள் அழுதாள். சல்லடை அந்த ஊரைப் புரோகிராமில் ஓட்டினார். முழுக்கச் சிவப்பு. வயதுகளை மட்டும் ஒரு வரி மேலே ஏற்றி மறுபடி ஓட்டினார்.

சிவப்பு மொத்தமாக அணைந்தது. அம்மாக்களுக்குப் பிள்ளைகளைவிட வயது கூட என்று மற்ற ஊர்களைப் பார்த்து அது தானாகவே கற்றிருந்தது. சல்லடை முதலாளியிடம் திரும்பினார்.

"பேரையும் வயசையும் இந்தப் புள்ள சேர்த்தேதான் அடிக்குது. வயசு மட்டும் எப்படி சார் ஒரு வரி இறங்கும்? கணக்கெடுத்தவன் நகல் எழுதுறப்ப இறக்கிட்டான்."

முதலாளி அறக்கட்டளைக்குப் போன் போட்டார். அவர்கள் பேப்பரைப் பார்த்து, ஆமாம் என்றார்கள்.

"சரி, உக்காரும்மா," என்றார். மன்னிப்பெல்லாம் அந்த ஆள் வாயில் வராது.

கடைசியில் முழுப் பட்டியலிலும் ஒரே ஒரு சிவப்பு வரி மிஞ்சியது. ஒரு வீட்டுக்குக் குறைந்தது இரண்டு பேர் என்பது அது கண்ட விதி. இந்த வீட்டில் ஒரே ஆள்.

"அது என் வீடுதான்," என்றார் சல்லடை, யாரையும் பார்க்காமல்.

திருத்தவா, விடவா என்று திரை கேட்டது. ஜெசிந்தா எட்டி, 'விடு' என்பதை அழுத்தினாள்.

"இது சரியாத்தான்ணே இருக்கு."

இன்றைக்கும் அந்த வரியைத் திருத்த எவனாவது வந்தால் கையை முறிப்பேன்.