ஒன்பது கதவுகளும் ஒரு மாப்பிள்ளையும்

காரகோல்,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஜுமகதிர் அவர்களுக்கு ஒமுர்பெக்கின் ஸலாம். இங்கே நாங்களும் குதிரைகளும் எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் மலையேறிகளும் நலம். நாரினில் ஆடுகளும் உங்கள் முழங்காலும் எப்படி?

உங்கள் மகன் எலாமான் எங்கள் வீட்டில் சண்டை போட்டுவிட்டார் என்று என் மைத்துனன் சத்தார் இதற்குள் போன் செய்திருப்பான். நம்பாதீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்தார், பெஷ்பர்மக் சாப்பிட்டோம், தேநீர் ஊற்றினோம், அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சத்தார்தான் ஆரம்பித்தான். பிஷ்கெக்கில் பேங்க் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் பார்க்கும் மாப்பிள்ளையிடம் போய், "மாப்ளே, மேக் வாங்குனவன் நிம்மதியா இருக்கான், மத்தவங்கதான் காவலுக்கு நிக்கணும்" என்றான். லினக்ஸ்தான் பத்திரம் என்றார் மாப்பிள்ளை. நான் சும்மா இருந்திருக்கலாம். விருந்தாளிகளின் பாஸ்போர்ட் நகலெல்லாம் வைத்திருக்கும் என் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை என்று சொல்லிவைத்தேன். மூவர் குரலும் ஏறியது. என் மகள் பெகாயிம் தட்டை நங்கென்று வைத்தாள். "வாயால எதுக்கு அடிச்சுக்கிறீங்க? மூணையும் ஒரே வைஃபைல போட்டு, என் லேப்டாப்புலேர்ந்து தட்டிப் பாருங்க. யாருது பத்திரம்னு தெரிஞ்சுடும்." அவள் இந்தச் சம்பந்தத்துக்கு அதுவரை வாய்திறந்து சரி சொல்லவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் கதவுகள் உண்டாம், போர்ட் என்று பேர். தட்டினால் ஒன்று 'வாங்க' என்னும், ஒன்று 'ஆளில்லை' என்னும், ஒன்று மூச்சே விடாது. மூச்சுவிடாததுதான் உத்தமம். தட்டுவதற்கு முன், "மாமா, உங்க மெஷினைத் தட்டலாமா? கேக்காம தட்டக் கூடாது" என்று மாப்பிள்ளை அனுமதி கேட்டார். அங்கேயே எனக்கு மனம் இளகிவிட்டது.

திரையில் எண்கள் ஓடின. மாப்பிள்ளை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு வாசித்தார். சத்தாருடைய மேக்கில் ஒரு கதவு திறந்திருக்கிறது, அவனே படம் அனுப்பத் திறந்து மறந்தது. என்னுடையது மூச்சுவிடவில்லை. அவருடைய லினக்ஸில் ஒன்பது!

"ஒன்பதா! நாளைக்கே பேங்க்லேர்ந்து பணத்தை எடுத்துடறேன் மாப்ளே!" என்று சத்தார் உருண்டு புரண்டு சிரித்தான்.

மாப்பிள்ளையின் காது சிவந்துபோனது. "சிஸ்டத்து மேல தப்பில்ல. திறந்துட்டு மூட மறந்த ஆள் மேலதான் தப்பு" என்றார்.

"வேணும்னா மூடிட்டு இன்னொரு தடவை தட்டுங்களேன்" என்றாள் பெகாயிம்.

"வேணாம். வந்தது வந்ததுதான்."

அதோடு விட்டாரா? "அப்டேட் ஒண்ணு பாக்கியிருக்கு மாமா" என்று என் கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தோற்றவர் ஜெயித்தவனுக்கு ஊழியம் செய்கிறார், பாருங்கள்! அவர் ஊருக்குப் புறப்பட்டதும் பெகாயிம் என்னிடம், "தோத்ததை மறைக்காத ஆளுப்பா. எனக்குச் சம்மதம்" என்றாள்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெண் கொடுக்கும்போது குலம் விசாரிக்கிறோம், சம்பளம் விசாரிக்கிறோம். தனக்கு எதிராக வந்த முடிவை நாலு பேர் முன்னால் உரக்க வாசிப்பவனா என்று யார் விசாரிக்கிறோம்? உங்கள் மகன் நேர்மையானவர். என் கம்ப்யூட்டரைப் பற்றி நானே பேசுவது அழகல்ல. ஒழுங்கான மனிதனிடம் அதுவும் ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்களும் விண்டோஸே வாங்குங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதைகள், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் அடுப்பில் நெருப்பும் பட்டியில் மந்தையும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒமுர்பெக்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் பெகாயிம் வந்தாள். அவள் லேப்டாப்பில் அன்றைய முடிவு அப்படியே இருந்திருக்கிறது. திரையில் இருந்த எந்த எண் யாருடைய கம்ப்யூட்டருடையது என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்பது கதவும் என்னுடையவை. விருந்தாளிகள் பிரிண்ட் எடுக்க, படம் போட என்று நானே திறந்துவிட்டவை. மூச்சுவிடாதது மாப்பிள்ளையுடையது. அப்டேட் என்று உட்கார்ந்து என் கதவுகளைத்தான் மூடியிருக்கிறார். போனில் கேட்டதற்கு, "சத்தார் முன்னாடி மாமா தலைகுனியக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தாராம். ஆகவே மேலே 'நேர்மையானவர்' என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பதிலுக்கு என்ன சொல் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. உன் சம்மதம் என்ன ஆச்சு என்று பெகாயிமைக் கேட்டேன். "சம்மதந்தான். ஆனா எங்க வீட்ல இனிமே தட்டுறதும் நான், வாசிக்கிறதும் நான்" என்றாள். சத்தாரிடம் மட்டும் மூச்சுவிட்டுவிடாதீர்கள்.